ஈரப் பொச்சுமட்டை

"உனக்கென்ன புள்ள இதெல்லாம்? சோத்தைத் திண்டமா, படுத்தமா எண்டு இல்லாம, போன மனுசன்ட கதையைக் கிண்டிக்கொண்டிருக்கிறாய்" என்று பேத்தியை ஏசிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. யாரோ சொன்ன அந்த வெள்ளைப் புகை என்றால் என்ன என்று தெரிய வேண்டுமாம்.

சுனாமிக்குப் பிறகு எங்களை வாவிக்கரையில் தகரக் கொட்டில்களில் இருத்தினார்கள். சண்டை முடிகிற காலம். தோட்டாப் பையோடு துவக்குக்காரர் லொறியில் வந்து ஆம்பிளைகளை அள்ளிக்கொண்டு போவார்கள். லொறிச் சத்தம் கேட்டால் ஆம்பிளைகள் தோணியில் எதிரே தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் கண்டல் காட்டுக்குள் போய் ஒளிவார்கள். லொறி போனதும் நாங்கள் அடுப்பில் தேங்காய் உரித்த பொச்சுமட்டையை ஈரமாக வைப்போம். காய்ந்த மட்டை சரிவராது. ஈர மட்டைதான் வெள்ளையாகப் புகையும். வெள்ளைப் புகை கண்டால் வரலாம். ஒருத்தி அவசரப்பட்டு மூட்டியதை நம்பி இரண்டு பேர் பிடிபட்ட பிறகு, அவனவன் தன் பெண்சாதியின் புகைக்குத்தான் வர வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். பெண்சாதியை நம்பலாமாம்.

கடல் வந்த அன்று என் மனுசன் தென்னையில் ஏறிவிட்டார். கீழே எனக்குக் கழுத்தளவு தண்ணீர். கையை நீட்டித் தாங்க என்றேன்.

"மரம் ரெண்டு பேரத் தாங்காது புள்ள" என்றார்.

நான் முள்வேலியில் சிக்கித்தான் பிழைத்தேன். பிறகும் அவருக்குச் சோறு போட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு ஒரு முறை லொறி வந்து போனதும் எல்லாக் கொட்டிலிலும் வெள்ளைப் புகை. நான் மூட்டவில்லை. திரும்பி வந்தவர்கள் அவரையும் கூப்பிட்டார்களாம். "என்ட வீட்டுப் புகையக் காணல்லயே" என்று மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தாராம்.

"மச்சாள், அண்ணன் பசியில கிடப்பாரே" என்றாள் பக்கத்துக் கொட்டில்காரி.

"கிடக்கட்டும்கா. கண்டல் மரம் ஒராளத் தாங்கும்தானே."

பகிடி என்று நினைத்து அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள், நுளம்பு அவரைக் கடித்துத் தின்றது போதும் என்று பட்டது. சோறாக்கி, இறால் கறி வைத்து, ஈர மட்டையை மூட்டினேன். தோணி கண்டலைவிட்டு வெளியே வந்தது. நடு வாவிக்கு வந்தபோது எனக்குப் பின்னால், கொட்டில்களுக்கு வருகிற ஒழுங்கைக்குள் லொறிச் சத்தம்.

கத்தினால் அவர்களுக்கும் கேட்கும். புகையை நிறுத்த, குடத்துத் தண்ணீரை அப்படியே அடுப்பில் ஊற்றினேன். பிறந்ததிலிருந்து அடுப்போடு கிடந்தவள் நான். தண்ணீர் பட்டால் நெருப்புள்ள மட்டை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? அந்த நேரம் தெரியவில்லை. கொட்டிலே மறைகிற மாதிரி வெள்ளையாகப் பொங்கிக் கூரைக்கு மேலே போனது. அதைக் கண்டு அவர் துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டார்.

கரையில் கால் வைத்ததும் பிடித்துவிட்டார்கள். லொறியில் ஏற்றும்போது என்னைப் பார்த்து, "சோறாக்கிட்டியா?" என்றுதான் கேட்டார். பிறகு அவரைக் காணவில்லை.

பின்னேரம் பக்கத்துக் கொட்டில்காரி நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"முதல் நாளே மூட்டியிருந்தா மனுசன் வந்து திண்டுட்டுத் திரும்ப ஓடியிருப்பாரே. ஏன் மச்சாள் மூட்டல்ல?"

"மட்டை ஈரமாக் கிடந்ததுகா" என்றேன். "பத்தல்ல."