கொண்டை ஊசிக்குச் சொந்தமான மலை

அந்த ஊரில் ஒரு குடும்பப் பெயர் உண்டு. இன்னது என்று சொன்னால் உங்களுக்கும் அந்தப் பெயரில் நாலு பேரைத் தெரிந்திருக்கும். அவர்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சண்டைக்கு வருவீர்கள். ஆகவே அது கிடக்கட்டும். ஊருக்கே அந்தப் பெயர்தான். பெரிய தெருவுக்கு அந்தப் பெயர், அதைக் குறுக்கே வெட்டும் சின்னத் தெருவுக்கும் அதே பெயர். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பாலம், டயர் கடை, நஷ்டப்பட்டு இழுத்து மூடிய சினிமாக் கொட்டகை, எல்லாவற்றின் நெற்றியிலும் அதே பெயர். போதாக்குறைக்கு ஊருக்குப் பின்னால் தேமே என்று நின்றுகொண்டிருந்த மலையையும் விடவில்லை.

ஜனங்களிலும் பாதிக்கு மேல் அந்தப் பெயர்க்காரர்கள். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் மூன்று பெஞ்சு மொத்தமாக எழுந்து நிற்கும். கவுண்டரில் பெயர் கூப்பிடுகிற அம்மாள் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் பெயரைத் தூக்கிக் கடாசிவிட்டு, "முட்டிவலி, உள்ள போங்க! மூலம், நீங்க அடுத்து!" என்று நோயைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். குரல் என்றால் சாதாரணக் குரல் இல்லை, மூன்றாம் மாடியில் படுத்திருக்கிறவரும் தூக்கம் கலைந்து எழுந்து உட்காரும் குரல். மூலக்காரர்கள் மட்டும் வருத்தப்பட்டார்கள்.

அந்த அம்மாளின் கணவர்தான் நம் ஆள். மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். அவருக்கும் அதே குடும்பப் பெயர் என்பதால் ஊர் அவரைக் கொண்டை ஊசி என்று கூப்பிட்டது. மலைப்பாதையில் பதினொரு கொண்டை ஊசி வளைவு. அத்தனையையும் கண்ணை மூடிக்கொண்டு திருப்புவார் என்பதற்காக வைத்த பெயர். தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது என்பது வேறு விஷயம்.

மலை உச்சியைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். ஏறி உட்கார்ந்ததும் எவராவது ஒருவர் கேட்பார்: "இந்த மலைக்கு யார் பேருங்க இது?" கொண்டை ஊசி கியரை மாற்றிக்கொண்டே, போகிற போக்கில், "எங்க கொள்ளுத்தாத்தா பேருங்க" என்பார். அவ்வளவுதான், ஜீப்புக்குள் மூச்சுச் சத்தம்கூட இருக்காது.

கொள்ளுத்தாத்தா கதையை அவர் வளைவுக்கு ஒரு கட்டமாகப் பிரித்து வைத்திருந்தார். முதல் வளைவில் கொள்ளுத்தாத்தா கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புவார். மூன்றாவது வளைவில் மழை பிடித்துக்கொள்ளும். ஐந்தாவதில் கரடி வரும். கடைசி வளைவில் உச்சியில் ஏறி நின்று, மேல்சட்டையைக் கழற்றிக் கொடி மாதிரி ஆட்டுவார். சரியாக அந்த நேரம் ஜீப் நிற்கும், கதவு திறக்கும், எல்லாரும் கைதட்டிக்கொண்டே இறங்குவார்கள். இடையில் எதிரே லாரி மாட்டிக்கொண்டால் கொஞ்சம் சிக்கல். லாரி பின்வாங்கி வழி விடுகிறவரை கரடி பின்னங்காலில் நின்றபடியே இருக்கும். உண்மையைச் சொன்னால் ஆரம்ப காலத்தில் அது கரடியே இல்லை, நாய். வருஷா வருஷம் வளர்ந்துவிட்டது.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று என்பீர்கள். கேட்கிறவர் மலையைப் பார்க்க வந்தவர், ஐயா. அவருக்கு நெய் வடிந்தால் சந்தோஷம்தானே.

தொல்லை என்னவென்றால் ஜீப் நிறுத்தத்தில் ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதே பெயர், எல்லாருக்கும் ஆளுக்கொரு கொள்ளுத்தாத்தா. ஹாரன் என்று ஒருவர் இருந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தாவை மறித்தது சிறுத்தை. ஒருநாள் இரண்டு ஜீப்பும் ஒன்றாக மேலே போய்ச் சேர, கழிப்பறை வரிசையில் நின்ற பயணிகள் கதையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். நேரே டீக்கடைக்கு வந்து, "யாருங்க நிஜமான பேரன்?" என்று பிடித்துக்கொண்டார்கள்.

கொண்டை ஊசிக்குக் கையில் இருந்த டீ ஆறிவிட்டது. ஹாரன்தான் சட்டென்று அவர் தோளில் கையைப் போட்டார். "என்னங்க இப்படிக் கேக்குறீங்க? இவரு எங்க பெரியப்பா மகன். ஏறும்போது கரடி, இறங்கும்போது சிறுத்தை!"

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொண்டது. அன்று முதல் ஹாரன் இவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டார். அண்ணன் ஆகிவிட்ட பாவத்துக்கு இவரும் அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்வரிசையில் போய் நிற்க வேண்டியதாயிற்று.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாக ஓடிய வண்டி கண்ணில் வந்து நின்றது. இரண்டு கண்ணிலும் நடுவில் மட்டும் புகை அப்பினாற்போல மறைத்தது. ஓரமெல்லாம் தெரியும், நேரே பார்த்தால் தெரியாது. ஆஸ்பத்திரியில் மனைவி, "கண்ணு, உள்ள போங்க!" என்று கூப்பிட இவர் உள்ளே போனார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இது கண்ணாடிக்கோ கத்திக்கோ அடங்காது, இனி வண்டியைத் தொடக்கூடாது என்றார். டாக்டருக்கும் அதே குடும்பப் பெயர்தான். என்ன பிரயோசனம்?

வீட்டில் சும்மா உட்கார்ந்தார். சன்னலுக்கு வெளியே மலை நின்றது. நேரே பார்த்தால் மறைந்துவிடும்; முகத்தைத் திருப்பிக் கடைக்கண்ணால் பார்த்தால்தான் அகப்படும். மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. வருமானம் போனதுகூடப் பெரிதில்லை, மனைவிக்கு இன்னும் கொஞ்ச காலம் சம்பளம் உண்டு. மலைக்குப் போக முடியவில்லை, கதையைக் கேட்க ஆள் இல்லை. அதுதான் அவரை அரித்துத் தின்றது.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி ஒரு வேலைக்கு ஆள் கேட்டது. உச்சியில் கட்டியிருக்கும் புது மண்டபத்தில் வருகிறவர்களுக்கு மலையின் வரலாற்றைச் சொல்ல ஒருவர் தேவை. தினமும் ஜீப்பில் கொண்டுபோய்விட்டுக் கூட்டிக்கொண்டும் வருவார்கள். கொண்டை ஊசி துள்ளிக் குதித்தார். இது தனக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை என்றார். நேர்காணலுக்கு முந்தின சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருக்க, அவர் எதிரே நின்று கொள்ளுத்தாத்தாவை ஒத்திகை பார்த்தார்.

"ஏங்க," என்றார் அந்த அம்மாள் தலையணை உறையை உதறிக்கொண்டே. "ஜீப்புல சொல்றீங்க, சரி. அரசாங்கத்து ஆளுங்க முன்னாடியும் இதையேவா சொல்லப் போறீங்க?"

"ஏன், என்ன குறைச்சல்?"

"அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியுமே."

"உங்க வீட்டுலயா? உங்க ஆளுங்களுக்கு இந்தப் பேரே கிடையாதே!"

"அதனாலதான் தெரியும். இங்க முன்னாடி ஊரே இல்லீங்க. ரோட்டு ஓரமா ஒரே ஒரு கடை. சோப்பு, கயிறு, மண்ணெண்ணெய் விக்கிற கடை. கடைக்காரருக்கு இந்தப் பேரு. எங்க தாத்தா பஸ்ஸுல கண்டக்டர். எறங்குற எடத்துக்கு ஒரு பேரு வேணுமில்ல? கடை போர்டைப் பார்த்துக் கத்துவாராம். அதைக் கேட்டுக் கேட்டு இந்த எடத்துக்கு அதுவே பேராயிடுச்சு. புதுசா குடிவந்தவங்க பாதிப் பேரு, ஊர்ப் பேராச்சேன்னு தங்க பேரு பின்னாடியும் சேத்துக்கிட்டாங்க. ஊருக்குப் பின்னாடி மலை. அதுக்கு வேற என்ன பேரு வைப்பாங்க?"

கொண்டை ஊசி நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "இத்தனை வருஷமா சொல்லலையே நீ?"

"நீங்க கேக்கலையே. அதோட, நீங்க கரடியைச் சொல்றப்போ மூஞ்சி நல்லா இருக்கும். எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையாக, பரம்பரைப் பெருமையைக் கெல்லினால் மண்ணெண்ணெய்க் கடை வருகிறதே என்று அவர் அன்று சரியாகச் சாப்பிடவே இல்லை.

மறுநாள் நகராட்சி அலுவலகத்து நடையில் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹாரனும் வந்திருந்தார். பியூன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், "யாரு கதவுக்குப் பக்கத்துல இருக்கீங்களோ அவங்க வாங்க" என்றார். கொண்டை ஊசிதான் பக்கத்தில் இருந்தார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் நகராட்சி அதிகாரியம்மா, ஒரு பக்கம் தலைமையாசிரியர், மறுபக்கம் சாலைப் பொறியாளர். மேசையில் ஒரு வட்டத் தட்டு, அதன் மேல் தண்ணீர்க் கூஜா.

"உட்காருங்க ஐயா. கதையைச் சொல்லுங்க" என்றார் அதிகாரியம்மா.

கொண்டை ஊசி வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. கொள்ளுத்தாத்தா வீட்டை விட்டுக் கிளம்பினாரா, மழை முதலிலா, கரடி முதலிலா, ஒன்றும் பிடிபடவில்லை. அசையாத நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கதையை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அந்தத் தட்டைக் கொஞ்சம் தர முடியுமா?"

கூஜாவை இறக்கிவிட்டுத் தட்டைக் கொடுத்தார்கள். அவர் அதை ஸ்டியரிங்காகப் பிடித்து, காலால் கிளட்சை அமுக்கி, கியரைப் போட்டார். வண்டி கிளம்பிற்று. கதையும் கிளம்பிற்று. முதல் வளைவில் அவர் இடப்பக்கம் சாய, பொறியாளரும் தன்னையறியாமல் சாய்ந்தார். மூன்றாவதில் மழை வந்தது. தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஐந்தாவது வளைவு வந்தது. கரடி எழுந்து நிற்க வேண்டிய இடம். அங்கே கொண்டை ஊசி பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

"என்ன ஆச்சு ஐயா? லாரியா?" என்றார் பொறியாளர்.

"இல்லீங்க. கரடி இல்லை. எப்பவுமே இருந்ததில்ல. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துக்கிறேன்."

தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி அத்தனை வளைவையும் பின்னோக்கி இறங்கினார். ரோட்டில் நிறுத்தினார். கடையைச் சொன்னார், சோப்பைச் சொன்னார், கண்டக்டராயிருந்த மனைவியின் தாத்தாவையும் அவர் தொண்டையையும் சொன்னார். "அவ்வளவுதாங்க. மலை மேல எங்க ஆளுங்க யாரும் ஏறல. பேரு மட்டும் தானா ஏறிப் போயிருக்கு" என்று முடித்துத் தட்டை மேசை மேல் வைத்தார்.

அதிகாரியம்மா கூஜாவை எடுத்துத் தட்டின் மேல் பழையபடி வைத்தார். பிறகு தலைமையாசிரியர், "எங்க கொள்ளுத்தாத்தா ஓநாயை அடிச்சதா எங்கப்பா சொல்லுவாரே" என்றார். "எங்களுக்குக் காட்டுப்பன்னி" என்றார் பொறியாளர். அதிகாரியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க வீட்டுல யானைங்க."

மூன்று பேரும் அந்தப் பெயர்க்காரர்கள்தான் என்று சொல்ல வேண்டுமா?

"ஐயா, மனசுல பட்டதைச் சொல்றேன்," என்றார் அதிகாரியம்மா. "உங்களை எடுத்தா வெளிய இருக்கிற பதினாறு பேரும் நாளைக்கு என் வீட்டு வாசல்ல நிப்பாங்க. அவங்கள்ல ஒருத்தரை எடுத்தாலும் அதே கதிதான். இந்தப் பேரே இல்லாத ஒருத்தர் கிடைச்சா எனக்கு நிம்மதி. அந்தக் கண்டக்டர் பேத்தி, அதான் உங்க வீட்டுக்காரம்மா, அவங்க இன்னும் பிறந்த வீட்டுப் பேரைத்தானே வச்சிருக்காங்க? வேலைக்கு வருவாங்களான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

கொண்டை ஊசி தெருவில் சுவரோரமாகவே நடந்து வந்தார். பொறாமையாக இருந்தது. தன் வாயால் தானே கெட்டோமே என்று ஆத்திரமாக இருந்தது. வீட்டில் போய், எவனையோ எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாமா என்றும் யோசித்தார். முப்பது வருஷம் பொய் சொன்ன நாக்கு, இன்னும் ஒன்று சொல்ல மறுக்கவா போகிறது? ஆனால் கதவைத் திறந்த மனைவியைக் கண்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அந்த அம்மாள் சிரிக்கவும் இல்லை, சந்தோஷப்படவும் இல்லை. "நான் எப்படிங்க போவேன்? கீழ நின்னு அண்ணாந்து பார்த்ததோட சரி. ஒரு தடவைகூட மேல போனதில்லையே நான்."

ஜீப்பில் ஒரு சீட்டு காலியாக இருந்தால் வெளியூர்க்காரர் ஒருவரை ஏற்றலாம் என்றுதான் அவர் எப்போதும் பார்த்திருக்கிறார். மனைவி ஒரு தடவைகூட ஏறியதில்லை என்பது இத்தனை காலமும் அவருக்கு உறைக்கவே இல்லை.

"நீங்களும் வர்றதா இருந்தா போறேன்" என்றார் மனைவி.

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, முதல் நாள் வேலைக்கு ஹாரனுடைய ஜீப்பில் போனார்கள். கொண்டை ஊசி பின்சீட்டில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு காலால் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். "அண்ணே, பிரேக் எங்கிட்ட இருக்கு" என்று ஹாரன் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை.

உச்சியில் இறங்கியதும் அந்த அம்மாள் கம்பி வேலி வரை நடந்து போய் நின்றார். கொண்டை ஊசி பக்கத்தில் போய் நின்றார். நேரே பார்த்தார், புகை. முகத்தைத் திருப்பினார், ஓரத்தில் கொஞ்சம் நீலம்.

"என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"ஏன், உங்களுக்குத் தெரியாததா?"

"நான் எங்க பார்த்தேன்? ஏறும்போது ரோடு. மேல வந்தா டயரு, டீ. பொறவு மறுபடி ரோடு."

அந்த அம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டினீங்க. நீங்களும் பார்க்கல, எனக்கும் காட்டல."

கொண்டை ஊசி வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "தப்புதான்" என்றார். "நீ சொல்லு. நான் கேட்டுக்கிறேன்."

அந்த அம்மாள் அவர் கையை எடுத்து வேலிக் கம்பியின் மேல் வைத்தார். "சரி, கேளுங்க. வலப்பக்கம் ஒரு ஆறு. பாதியிலேயே ரெண்டாப் பிரியுது. நடுவுல மணல் திட்டு, அதுல யாரோ வெள்ளைத் துணி காயப் போட்டிருக்காங்க. அதுக்கு அந்தப் பக்கம் ஒரு மலை. அதுக்கும் பின்னாடி இன்னொண்ணு, நம்ம மலையைவிடப் பெரிசு..."

கவுண்டரில் கூப்பிட்ட அதே குரல். டீக்கடையில் நின்றவர்கள் கோப்பையோடு வந்தார்கள். மண்டபத்துக்குள் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். வேலியோரம் ஒரு கூட்டமே கூடிவிட்டது. அந்த அம்மாள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, கணவருக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே போக நேரமாயிற்று என்று ஹாரன் இரண்டு தடவை ஹாரனை அடித்தார். யாரும் நகரவில்லை.

"அந்தப் பெரிய மலைக்கு என்ன பேரு?" என்று கேட்டார் கொண்டை ஊசி.

"தெரியாதுங்க" என்றார் மனைவி. "பேரு இல்லாமலே நல்லாத்தான் இருக்கு. முழுசா சொல்றேன், கேளுங்க."