சித்தி டாங்கிளுக்கு வைத்த சந்தனம்

சித்தி கூப்பிடும்போது ஹலோ எல்லாம் கிடையாது. சாயங்காலம் விளக்கேற்றிய கையோடு அவள் தன் ஊரில் இணையத்துக்கான டாங்கிளை லேப்டாப்பில் செருகுவாள். தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் அலற ஆரம்பிக்கும். அடுப்பில் என்ன இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அம்மா ஓடி வருவாள். திரையில் முதலில் தெரிவது சித்தியின் நெற்றிப் பொட்டு மட்டும்தான். எத்தனை முறை சொன்னாலும் கேமராவின் மூக்கில் இடிக்கிற மாதிரிதான் வந்து உட்காருவாள். அம்மா கையைக் காட்டித் தள்ளிப் போகச் சொல்வாள். சித்தி சிரித்துக்கொண்டே பின்னால் நகர்வாள். அப்புறம் இரண்டு பேருடைய கைகளும் பேச ஆரம்பித்துவிடும். வீட்டில் அவர்களுடைய வளையல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஊரில் அவர்கள் வளர்ந்த காலத்தில் அப்படிப்பட்ட பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அக்காவும் தங்கையும் தங்களுக்குள் கையாலேயே ஒரு பாஷையை உண்டாக்கிக்கொண்டார்கள். மூக்கைத் தொட்டால் ஓர் ஆள், முழங்கையைத் தட்டினால் இன்னோர் ஆள், கண்ணை லேசாகச் சுருக்கினால் அந்த ஆள் சரியில்லை. உலகத்திலேயே அந்தப் பாஷை முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். எனக்கு அரைகுறையாகப் புரியும். சித்தப்பாவுக்குச் சாப்பாடு, வயல், கோபம் இவற்றுக்கான சைகைகள் மட்டும் தெரியும். அதை வைத்துக்கொண்டே அவர் இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டார் என்பது வேறு விஷயம். நல்ல மனுஷர், பாவம்.

திருப்பனந்தாள் பக்கத்தில் மண்ணியாற்றங்கரை ஊர் ஒன்றில் சித்தியைக் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே அவள் தையல் மெஷின் போட்டு ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்தாள். அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி வர வேண்டும். வீட்டுக்கு வீடு போன் வந்து, பிறகு ஆளுக்கு ஆள் செல்போனும் வந்தது. இவளுக்கு அதனால் என்ன லாபம்? சித்தப்பா தன் பட்டன் போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது சித்தி அவர் வாயையே பார்த்தபடி நிற்பாள். பேசி முடித்ததும் அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார். பத்து நிமிஷப் பேச்சுக்கு ஒரு கட்டை விரல்! எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

அவள் அந்தக் கட்டை விரலை நம்பியதும் இல்லை. தாத்தா இறந்தபோது அவளுக்கு அதிர்ச்சி வேண்டாமென்று எல்லோரும் சேர்ந்து, அவர் நன்றாக இருக்கிறார் என்று கையைக் காட்டியே ஊருக்கு அழைத்து வந்தார்கள். தெருமுனையில் பந்தலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அன்றையிலிருந்து யார் நல்ல செய்தி சொன்னாலும் அவள் கண் சந்தேகமாகத்தான் பார்க்கும். அக்கா முகத்தை மட்டும் நம்புவாள்.

நான் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவள். வீடியோவில் இரண்டு பேரையும் பேச வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்ற நாளாகவில்லை. பழைய லேப்டாப் ஒன்றையும் ஒரு டாங்கிளையும் எடுத்துக்கொண்டு போய் வைத்தேன். பென் டிரைவ் போல இருக்கும் அந்தச் சாமானுக்குள் ஒரு சிம் கார்டு. செருகினால் இணையம் கிடைக்கும். சொல்வதற்கு எளிது. செருகிய பிறகு ஒரு கட்டம் திறக்கும், அதில் ஒன்றை அமுக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், நடுவில் இங்கிலீஷில் ஏதோ அறிவிப்பு குதிக்கும். சித்திக்கு எழுத்தே தெரியாது. சித்தப்பா அமுக்கினால், அமுக்கக் கூடாததைத்தான் அமுக்குவார். ஒரு வாரத்தில் லேப்டாப்பின் மேல் மடித்த துணி அடுக்கியிருந்தது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. லேப்டாப்பைத் திரும்பத் தஞ்சாவூருக்கே தூக்கி வந்து, செருகுவதைத் தவிர வேறு எந்த வேலையும் அவளுக்கு இருக்கக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த டாங்கிள் லேசுப்பட்டதா என்ன! செருகியதும் தன்னை முதலில் சிடி என்று லேப்டாப்பிடம் சொல்லிக்கொள்ளும். பெண் பார்க்க வந்த இடத்தில் சம்பளத்தைக் கூட்டிச் சொல்கிற மாப்பிள்ளை மாதிரி. நீ சிடி இல்லை, இணையம் கொடுக்கிற மோடம்தான், ஒழுங்காக இரு என்று அதட்டினால்தான் தன் நிஜ வேலைக்கு வரும். அப்படி அதட்டுவதற்கு ஒரு கட்டளை, பிறகு தானாக டயல் செய்ய ஒன்று, சிக்னல் அறுந்தால் சலிக்காமல் மறுபடி முயல ஒன்று, இணைப்பு கிடைத்ததும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கூப்பிட ஒன்று. எல்லாவற்றையும் கோத்து, இந்த டாங்கிளைக் கண்டால் யாரையும் கேட்காமல் நீயே செய்துகொள் என்று லேப்டாப்புக்குச் சொல்லிக் கொடுத்தேன். மறுபடி சித்தி வீட்டுக்குக் கொண்டுபோய், சிக்னலுக்காக ஒரு நீட்டு ஒயரில் டாங்கிளை மாட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். வேலை முடிந்ததும் சித்தி ஒயரிலிருந்து அதை உருவி, மூடி போட்டு, தையல் பெட்டியில் பத்திரமாக வைத்துவிடுவாள். அன்றிலிருந்து சாயங்காலங்கள் அவர்களுடையவை ஆயின.

அம்மாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னது சரஸ்வதி பூஜை சமயத்தில். விஜயதசமி காலையில் வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டபோது அம்மா, "நல்ல நாள்தான், தாராளமா வைங்க" என்று வளைகாப்புக்கு நாள் குறிக்கிற தோரணையில் தலையாட்டினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வந்தவர் போனவருக்கெல்லாம் தைரியம் சொன்னாள். அப்பா அழுதார், அவரை அதட்டினாள். என்னிடம், "ரசப்பொடி தீர்ந்துபோச்சு, அரைச்சு வையி, வந்ததும் வேணும்" என்றாள். இவ்வளவு நெஞ்சுரம் யாருக்கு வரும் என்று நாங்கள் பூரித்துப் போயிருந்தோம்.

பூஜையன்று சாயங்காலம் வேறு வார்டுக்கு மாற்றுவோம், அங்கே லேப்டாப்புக்கும் போனுக்கும் அனுமதி இல்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் அம்மா முதல் முறையாக ஒன்று கேட்டாள். "உங்க சித்திய ஒரு தடவ பாத்துட்டுப் போறேனே." வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வரும் அழைப்பு என் லேப்டாப்புக்கு வரும்படி மாற்றி, அதைக் கட்டிலின் மேல் விரித்து வைத்துவிட்டு, வராந்தாவுக்கு வந்து சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கு ஒண்ணும் நடக்காது பாப்பா. டாங்கிளு பூஜையில உக்காந்திருக்கு" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் புத்தகத்தையும் தொழில் சாமான்களையும் சாமி முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுவிட்டால், மறுநாள் பூஜை முடிகிறவரை எடுக்க மாட்டார்கள். சித்தி அந்த விஷயத்தில் படு கெட்டி. ஊசியைக்கூடத் தொடமாட்டாள். தையல் மெஷின், கத்தரிக்கோல், சித்தப்பாவின் அரிவாள் வரிசையில் அந்த வருஷம் டாங்கிளும் ஒரு பித்தளைத் தட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"சித்தப்பா, நாளைக்குக் காலையில அம்மாவுக்கு ஆபரேஷன். இப்ப விட்டா பாக்க முடியாது. சித்திகிட்ட இன்னும் சொல்லலையா நீங்க?"

"எப்படிம்மா சொல்றது? அவ தாங்குவாளா? அங்க கம்ப்யூட்டரு ரிப்பேருன்னு கையக் காட்டித்தான் சமாளிச்சுக்கிட்டிருக்கேன்."

"சொல்லுங்க, சித்தப்பா. இப்பவே சொல்லுங்க."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே உள்ளே போயிருக்கிறார். கதவு கிரீச்சிடுவது கேட்டது. பிறகு, "நான் ஒரு கையும் அசைக்கல பாப்பா. என் மூஞ்சியத்தான் பாத்தா. கன்னத்துல போட்டுக்கிட்டு அவளே சாமிகிட்டேருந்து எடுத்துட்டா" என்றார்.

செருகினாள். எங்கள் பக்கம் ஒன்றும் வரவில்லை. "டாங்கிள்ல வெளக்கு எரியுதா?" என்று கேட்டேன். எரியவில்லை. உருவி மறுபடியும் செருகினாள். உம்ஹூம். வராந்தாக் கோடியில் அம்மாவை வார்டு மாற்றச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஆள் வருகிறார். டாங்கிளை எடுத்து அதன் முனையைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டேன்.

"மஞ்சளா என்னமோ இருக்கு பாப்பா... அட, சந்தனம்! வாய்க்குள்ள வச்சு அப்பியிருக்கா!"

மற்றச் சாமான்களுக்கெல்லாம் நெற்றி மாதிரி ஓர் இடத்தில் பொட்டு வைத்தவள், இதற்கு மட்டும் மூடியைக் கழற்றி, உலோக வாய்க்குள் குழைத்துப் பூசியிருக்கிறாள். பேசுகிற சாமான் ஆயிற்றே, சந்தனம் வாயில்தானே வைக்க வேண்டும்! அதுவும் காலையிலிருந்து காய்ந்து காரையாகிக் கிடந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. சித்தப்பா வேறு, "தேங்காண்ணெய் போட்டா ஊறி வந்துரும்ல?" என்றார். "ஐயையோ, எண்ணெயும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். அதற்குள் சித்தி தையல் மெஷினில் தூசி தட்டும் குட்டி பிரஷ்ஷைப் பூஜையிலிருந்து எடுத்துவிட்டாளாம். சுரண்டிச் சுரண்டித் தட்டி, விளக்குத் திரியை முறுக்கி உள்ளே விட்டுத் துடைத்தாளாம். சித்தப்பா ஒவ்வொன்றாக எனக்கு வர்ணித்துக்கொண்டிருந்தார். நாற்காலிக்காரரிடம் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"எரியுது! எரியுது பாப்பா!"

இனி யாரும் எதுவும் செய்வதற்கில்லை. எல்லாம் அந்த லேப்டாப் கையில்தான். இப்போது சிடி என்று சொல்லும், அதட்டு வாங்கும், டயல் செய்யும், சிக்னல் அறுந்தால் மறுபடி செய்யும் என்று மனசுக்குள் ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டு நின்றேன். அறைக்குள் மணி அலறியது.

திரை முழுக்கச் சித்தியின் நெற்றி. இந்த முறை யாரும் சொல்லாமலே பின்னால் நகர்ந்தாள். அம்மா சிரித்த முகத்தோடு ஆரம்பித்தாள். சின்ன விஷயம், சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று அவள் கைகள் சொல்லத் தொடங்கியது எனக்கே புரிந்தது. சித்தி அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கைகள் பாதியில் நின்றன. மறுபடி எடுத்தாள், விரல்கள் கூடவில்லை. வாயால் எங்கள் எல்லோருக்கும் அத்தனை தைரியம் சொன்னவளுக்குக் கையால் ஒரு பொய் சொல்ல வரவில்லை. இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதாள். பயம், பயம் என்று அந்தக் கைகள் அடித்துக்கொண்டன. நானும் அப்பாவும் அவள் பக்கத்திலேயே இருந்தோம். அவள் பயந்து போயிருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சித்தி அழவில்லை. அம்மா ஓய்கிறவரை அசையாமல் இருந்தாள். பிறகு கையை உயர்த்தி நிதானமாக ஏதோ சொன்னாள். எனக்குப் புரியாத சைகைகள். அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு தானாகவே எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தேறி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, சித்தி அன்று கையால் சொன்னதை அம்மா எனக்குச் சொன்னாள். சின்ன வயதில் அம்மாவுக்கு இடி என்றால் உயிர் போய்விடுமாம். காது கேட்காத தங்கை இடிக்குப் பயப்பட மாட்டாள் என்பதால் ஓடிப்போய் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாளாம். "அதே மாதிரி எம் பின்னால ஒளிஞ்சுக்கோன்னா. வேற ஒண்ணும் சொல்லல" என்றாள். சித்திக்கு அம்மாதான் துணை என்று பிறந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

அதன் பிறகு பல வருஷங்கள் அவர்கள் பேசினார்கள். டாங்கிள் போய் டச் போன் வந்தது, இரண்டு கையும் வேண்டுமென்று அதைச் செம்பில் சாய்த்து வைத்துப் பேசினார்கள். போன அறுவடை சமயத்தில் சித்தி போய்விட்டாள். இப்போது எதையும் செருக வேண்டியதில்லை. அம்மாவின் போனில் எந்நேரமும் இணையம் இருக்கிறது, பேரன் பேத்திகள் மாற்றி மாற்றி வந்து போகிறார்கள். எல்லோரிடமும் கலகலவென்று பேசுகிறாள். தங்கை போனதிலிருந்து எப்படிம்மா இருக்கே என்று நான் தினம் கேட்கிறேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நல்லாத்தான் இருக்கேன் என்கிறாள். நானும் அந்த முகத்தையே பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.