சிலிக்காரரின் கொடி

நாங்கள் அகதியாக வந்து குடியிருக்கும் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் பக்கத்து அப்பார்ட்மென்ட்காரர் சிலி நாட்டவர். நரைத்த மீசை, கட்டையான ஆள். செப்டம்பரில் வரும் தன் நாட்டின் சுதந்திர நாளுக்குக் கொடியைத் தண்ணீர் தெளித்து அயர்ன் பண்ணி, பல்கனியில் கட்டுவார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

"உந்தக் கொடியிலை உங்களுக்கு என்ன எரிச்சல்?" என்று மனைவி கேட்டாள்.

"அந்தாளுக்குக் கொண்டாட ஒரு நாள் கிடக்கு. எங்களுக்கு என்ன கிடக்கு?"

இந்த முறை கொடியின் ஒரு முனையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். கட்டிக்கொண்டே ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னார்: "ஸ்பானியர் போன பிறகு, தெற்கு எல்லையில் என் பூட்டனுக்கு அரசாங்கம் காணி கொடுத்தது."

"அதற்கு முன் அது யாருடைய காணி?"

"வெறும் காடு. ஒருவரும் இருக்கவில்லை."

வெள்ளைக்காரன் போன பிறகு, திருகோணமலையில் எங்கள் வயல்களில் அரசாங்கம் குடியேற்றிய சிங்கள ஆட்களும் இதையேதான் சொன்னார்கள்.

"எங்கள் ஊரையும் அப்படித்தான் சொன்னார்கள்," என்றேன். "அங்கே இருந்தது நாங்கள்."

அவர் கொடியில் விழுந்திருந்த சுருக்கத்தை உள்ளங்கையால் தடவி நேராக்கினார்.

அது வேறு யாரிடமோ பிடுங்கிய காணி என்று தெரிந்தும், கட்ட ஒரு கொடி இருக்கிற அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பொறாமைதான் வந்தது.