செருப்பு ரெண்டு, தம்பி ஒண்ணு

என் பீரோவின் மேல்தட்டில் இன்று காலைவரை ஒரு சின்னச் சிவப்பு டப்பா இருந்தது. நகைக்கடையில் சுற்றிக் கொடுத்த ரோஸ் நிறத் தாள் கூட இன்னும் பிரியாமல் உள்ளே கிடக்கிறது. அதற்குள் ஒரு ஜோடிக் கல் தோடு, ஒரு வயதுப் பிள்ளைக்கு அளவானது. வீட்டுச் சாவி, மூக்குக்கண்ணாடி, ஆதார் அட்டை, எத்தனையோ குடை, இரண்டு வேலை என்று நான் தொலைத்தவற்றை எழுதினால் ஒரு நோட்டு போதாது. தொலைந்தால் நிம்மதியாவது கிடைக்கும் என்று நினைத்த இந்த டப்பா மட்டும் ஏழு வருடமாக அப்படியே உட்கார்ந்திருந்தது.

அக்கா மகளுக்கு வாங்கியது அது. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ராஜபாளையத்தில் அம்மாவும் அப்பாவும் ஒரே மில்லில் வேலை பார்த்தார்கள், ஆகவே சாயங்காலம் பள்ளிக்கூட கேட்டில் என்னைக் கூட்டிப்போக வந்து நிற்பது அக்காதான். மற்ற பிள்ளைகளைப் போலப் பேசாமல் கையைப் பிடித்து நடந்துவிட முடியாது. என்னை நிறுத்தி மேலும் கீழும் பார்ப்பாள். "பை ஒண்ணு, டிபன் டப்பா ஒண்ணு, செருப்பு ரெண்டு, தம்பி ஒண்ணு. சரி, நட." ஏதாவது குறைந்தால் திரும்ப வகுப்புக்குள் ஓடுவதும் அவள்தான். ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வந்து நின்றேன். அவள் தன் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு என்னுடன் நடந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஒனக்கு மட்டும் சுடணுமாலே?" என்றாள்.

அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தோம். பஸ் ஏறினால் அரை மணி நேரம். பதினோரு வருடம் காத்திருந்து ஒரு பெண் பிள்ளை பிறந்தது. அதற்குள் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது நான் ஒருத்தன். காதுகுத்துக்கு நாள் குறித்ததும் பத்து நாள் விடாமல் போன் செய்தாள். "ஒன் மடியில வச்சுத்தாம்லே குத்தணும். ஒம்பதரை மணிக்கு முகூர்த்தம். தயவுசெஞ்சு வந்துரு."

அன்று விடியும் முன்பே எழுந்துவிட்டேன், சத்தியமாகச் சொல்கிறேன். தோட்டுப் பெட்டி சட்டைப் பையில். பழம், வெற்றிலை, வளையல் எல்லாம் கட்டப்பையில். பிள்ளைக்குத் தைக்கக் கொடுத்த பட்டுப்பாவாடை டெய்லரிடமே இருப்பது பஸ் ஸ்டாண்டில்தான் ஞாபகம் வந்தது. ஓடினேன். அவர் மிஷினில் நூல் சிக்கி, ஓரத் தையல் பாக்கி நின்றது. "செத்த நேரம் நகருங்கண்ணே, நான் பாக்கேன்" என்று ஸ்க்ரூ டிரைவரை வாங்கினேன். அவ்வளவுதான். ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டு மாட்டி, மிஷின் ஓட ஆரம்பித்த சந்தோஷத்தில் நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். சத்தம் நிறுத்தி வைத்திருந்த போனில் முப்பது அழைப்புகள்.

காதுகுத்து நடந்த கோயிலுக்குப் போனபோது சாப்பாட்டு இலையெல்லாம் எடுத்துவிட்டார்கள். பிள்ளையை அத்தானின் பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்தியிருந்தார்கள். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள், பழைய மாதிரியே. ஆனால் எண்ணவில்லை. "மாமன் இருந்தும் இல்லாத பிள்ளைன்னு நாலு பேரு சொல்லக் கேட்டுட்டேன். போதும்லே. இனி வராத." மிஷின் கதையை எந்த வாயால் சொல்வேன்? தோட்டையும் கொடுக்காமல் திரும்பிவிட்டேன்.

இந்த வருடம் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் ஒரு லோடுக்கு உரிய லேபிளை மற்றொன்றில் ஒட்டி அனுப்பிவிட்டேன். "தலையைக் கழத்தி எங்கய்யா வச்சிட்டு வாரீரு?" என்று முதலாளி கேட்டதில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் அழுகை வந்துவிட்டது. அதன் பிறகுதான் ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாடு பெரியவர்களுக்கும் இருக்கலாம் என்று போனில் படித்து, சென்னையில் இருக்கும் ஒரு மனநல மருத்துவரிடம் ஆன்லைனில் நேரம் வாங்கினேன். உள்ளூரில் என்றால் காத்திருக்கும் பெஞ்சில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும்.

போகப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன், பயப்பட ஒன்றும் இல்லை. முன்கூட்டியே படிவங்கள் வரும்; அதை நிரப்பி முடிப்பதே நம்மைப் போன்ற ஆளுக்குப் பெரும்பாடு. அதில் வரும் மார்க்கை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டார்கள். டாக்டரம்மா முக்கால் மணி நேரம் வீடியோவில் பேசினார். தூக்கம், மனச்சோர்வு, தைராய்டு, குடிப்பழக்கம், இதே அறிகுறி காட்டும் மற்ற எல்லாவற்றையும் கேட்டார். பழைய ப்ராக்ரஸ் கார்டு இருக்கிறதா என்றார். இருந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்? கடைசியாகத்தான் அந்தக் கேள்வி வந்தது. "இது சின்ன வயசுலயே ஆரம்பிச்சிருக்கணும். பன்னிரண்டு வயசுக்கு முன்னாடி உங்களைப் பார்த்தவங்க யாராவது பேசினா நல்லது. கட்டாயமில்லை. அப்படி யார் இருக்காங்க?"

இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். அரை மணி நேர பஸ் தூரத்தில்.

நாலு நாள் கழித்துப் போன் செய்தேன். முழு ரிங்கும் போய், கடைசியில் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். "எம்புட்டு நேரம் பேசணும்?" என்றாள். "செத்த நேரந்தாங்க்கா." "சரி, லிங்க் அனுப்பு."

இரண்டாவது அமர்வில் திரையில் மூன்று கட்டங்கள். டாக்டர், நான், அக்கா. கண்ணாடி போட்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது, அது நரைத்ததே எனக்குத் தெரியாது. என்னைப் பார்க்காமல் டாக்டரிடம் பேசினாள். செருப்பைச் சொன்னாள், தினமும் எண்ணிப் பார்த்ததைச் சொன்னாள். பரீட்சை அன்று கோவில் யானைக்குப் பின்னால் நான் தெரு தெருவாகப் போய்விட்டதைச் சொன்னாள். நானே மறந்துவிட்ட என்னை அவள் ஒன்று விடாமல் வைத்திருந்தாள்.

"இதனால பெரிய இழப்பு ஏதாவது?" என்று டாக்டர் கேட்டார்.

"என் மக காதுகுத்துக்கு வரல" என்றாள் அக்கா. "வேணும்னேதான் வரலன்னு நெனச்சேன் மேடம். ஏழு வருசமா."

அப்போதுதான் நான் மிஷின் கதையைச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். எனக்கு இருப்பது ஏ.டி.எச்.டி.தான், அறிக்கை அனுப்புகிறேன், மேற்கொண்டு செய்ய வேண்டியதை அடுத்த முறை பேசலாம் என்றார். பிள்ளை டியூசனிலிருந்து வரும் நேரம் என்று அக்காவின் கட்டம் அணைந்தது. வா என்று சொல்லவில்லை. நோய்க்குப் பெயர் தெரிந்த அன்று யாரிடம் சொல்வது என்று தெரியாமல் லேப்டாப்பை வெகுநேரம் மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "பிள்ளைக்கு ஒரு காதுல ஓட்டை தூந்து போச்சு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத் திரும்பக் குத்தப் போறோம். நான் போன் பண்ண மாட்டேன்."

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து இதைப் போனில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி ஏழு ஐம்பது. ஆறே காலுக்கே வந்துவிட்டேன். பக்கத்தில் ஒருவர் டீ குடிக்கக் கூப்பிட்டார், எழுந்து போகப் பயமாக இருக்கிறது, வேண்டாம் என்றேன். எட்டு வயதுப் பிள்ளை முகம் தெரியாத ஆள் மடியில் உட்காராது. தோடும் சின்னதாகத்தான் இருக்கும். இருந்தாலும் டப்பா சட்டைப் பையில் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுத் தொட்டுச் சரிபார்க்கிறேன். பை ஒண்ணு. டப்பா ஒண்ணு. செருப்பு ரெண்டு. அதற்கு மேல் நானே எண்ணிக்கொள்ள முடியாது, அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.