பூஜையில் வைத்த எர்த் ஒயர்

இளவரசு அடிப்பதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்வான். கல்யாணமான முதல் மாதமே பவானிக்கு இது தெரிந்துவிட்டது. கத்தமாட்டான், முறைக்கமாட்டான். பனியன் வேஸ்ட் துணி ஒன்றை எடுத்து விரல் இடுக்கில் இருக்கும் கிரீஸை வழித்துத் துடைப்பான். நகக்கண்ணைக்கூட விடமாட்டான். துணி கீழே விழுந்ததும் அடி விழும். எண்ணெய்க் கையோடு அவன் ஸ்பானரையும் பிடிக்கமாட்டான், ஆளையும் அடிக்கமாட்டான். வழுக்கும் என்பான்.

பவானிக்குப் பிறந்த ஊர் குறிஞ்சிப்பாடி. எட்டாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் அவளுக்கு வாய் திறக்க வராது. கண் மட்டும் திறந்திருக்கும். கடலூர் முதுநகரில் உப்பனாற்றுக்குப் போகும் தெருவில் இளவரசு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். கழற்றிப் போடும் சாமான்களை டீசலில் கழுவித் துடைத்து அடுக்குவது அவள் வேலை.

போன கோடையில் ஒரு லாரி டிரைவரின் தாடையை இளவரசு வீல் ஸ்பானரால் உடைத்தான். தரையில் கிடந்த பல்லை பவானிதான் பெருக்கி அள்ளினாள். அதற்கப்புறம் போலீஸ்காரர்கள் அவனைக் கூட்டிப்போய் நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு வருஷத்துக்குள் யார் மேலாவது கை வைத்தால் மிச்ச காலம் முழுக்க ஜெயில். அன்றிலிருந்து பவானி அவன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே போனால் ஷட்டர் இறங்கிவிடும். குறிஞ்சிப்பாடிக்குத் திரும்பிப் போனால் அங்கே கதவைத் திறக்க ஆளில்லை.

அதே வருஷம் புரட்டாசியில் சிதம்பரம் கீழ வீதி வெங்கட்ராமின் சிவப்பு கார் வந்தது. கப்பலேறி வந்த பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு. என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரெல்லாம் எண்ணெய் குடித்து ஊறி, கையால் கிள்ளினால் அல்வா மாதிரி பிய்ந்து வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் ஒரு பக்கமாக எம்பும். ஃபேன் ரேடியேட்டரைக் கடிக்கும். வெங்கட்ராம் வெளிநாட்டிலிருந்து மஞ்சள் நிறத்தில் கெட்டியான மவுண்டிங் தருவித்திருந்தான்.

"என்ஜினுக்கு மட்டும் போட்டா போதும்யா."

"பத்தாது சார். தலைய இறுக்கிட்டு வால ஆடவுட்டா வாலு ஒடிஞ்சிடும். கியர்பாக்ஸுக்கும் சேத்துத்தான் மாத்தணும்."

செயின் பிளாக்கில் என்ஜினைத் தூக்கிப் பழையதைக் கழற்றினார்கள். புதியதை உட்கார வைக்கும்போது செயின் ஒரு கண்ணி வழுக்கியது. போல்ட் துளைக்கு நேராகக் கம்பி பிடித்திருந்த பவானியின் சுண்டுவிரல் என்ஜினுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே நசுங்கியது. நகம் பெயர்ந்து தொங்கியது. இளவரசு குனிந்து மவுண்டிங்கைத்தான் முதலில் பார்த்தான்.

"வெரல எங்கடி வெச்ச? நல்லவேளை, மவுண்டிங் கீறல."

அவள் விரலைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு மறுபடி கம்பியைப் பிடித்தாள்.

எல்லா போல்ட்டும் முறுக்கியாயிற்று. பாக்கி இருந்தது எர்த் ஒயர் மட்டும். என்ஜினையும் பாடியையும் சேர்க்கிற, சடைபோலப் பின்னிய செம்புப் பட்டை அது. பச்சை பூத்துக் கிடந்ததால் புளி போட்டுத் தேய்த்து வைக்கச் சொன்னான். பவானி தேய்த்தாள். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. மறுநாள் ஆயுத பூஜை. ஸ்பானர், ஜாக்கி, சுத்தியலெல்லாம் பலகையில் ஏறியபோது அழகாக இருக்கிறதே என்று அதையும் நடுவில் வைத்தாள். சந்தனம், குங்குமம் வைத்துப் படைத்தாயிற்று. பலகையில் ஏறியதை மறுநாள் காலையில் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. அந்தத் தெருவில் எந்தக் கடையிலும் தொடமாட்டார்கள்.

பூஜை முடிந்து சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் வெங்கட்ராம் வந்து நின்றான். கூடவே அவன் மச்சான் ராஜ்கமல், பட்டுச்சட்டையும் பவுடர் முகமுமாக.

"சாவியக் குடு இளவரசு. நாளைக்குக் காலைல பாண்டிச்சேரில கார் ஷோ."

"வேல முடியல சார். இன்னும் ஓடவுட்டுப் பாக்கல. நாளைக்கு மறுபூஜ ஆனதும் எடுத்துக்குங்க."

"எல்லாம் மாட்டித்தான இருக்கு?"

"ஒரு சாமான் பூஜைல இருக்கு. இன்னிக்குத் தொடமாட்டேன்."

ராஜ்கமல் சிரித்தான். "மச்சான், மெக்கானிக்குகிட்ட வுட்டேன்னு சொன்ன. இங்க பூசாரி இல்ல இருக்காரு? தட்டுல காசு போட்டாதான் சாவி வரும்போல."

இளவரசு ஆணியில் தொங்கிய பனியன் வேஸ்டை எடுத்தான். கட்டைவிரலைத் துடைத்தான். அடுத்த விரலுக்குப் போனான்.

பவானி அவன் கையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இந்த இரண்டு பேரும் உடனே இங்கிருந்து போக வேண்டும். அந்தச் செம்புப் பட்டை எதற்கு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. மாடத்திலிருந்த சாவியை எடுத்து வெங்கட்ராம் கையில் திணித்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க சார். சீக்கிரம் கெளம்புங்க."

"ஏய், குடுக்காதடீ!" என்று இளவரசு திரும்புவதற்குள் வெங்கட்ராம் சீட்டில் உட்கார்ந்துவிட்டான்.

ஸ்டார்ட்டர் முனகியது. மறுபடி திருகினான். அது இழுக்கிற கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போக அந்தப் பட்டைதான் வழி. மவுண்டிங் ரப்பர் கரண்டை விடாது. பட்டை இல்லாததால் அத்தனை கரண்டும் மெல்லிய ஆக்ஸிலேட்டர் கேபிளுக்குள் பாய்ந்தது. பானட் இடுக்கில் புகை வந்தது. வெங்கட்ராம் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு திருகிக்கொண்டே இருந்தான். கேபிள் பழுத்து, உறையோடு ஒட்டிப்போன அதே நேரத்தில் என்ஜின் பற்றிக்கொண்டது.

அவன் காலை எடுத்தும் சத்தம் குறையவில்லை. பழைய ரப்பராக இருந்தால் பாதி அதிர்ச்சியை அதுவே விழுங்கியிருக்கும். இந்த மவுண்டிங் எதையும் விழுங்கவில்லை. கதவு, கண்ணாடி, ஸ்டீயரிங் எல்லாம் பல்லைக் கடித்து உதறின. பதற்றத்தில் கிளட்ச்சை விட்டுவிட்டான். சக்கரத்துக்கு முன்னால் வைத்திருந்த எலுமிச்சம்பழங்கள் வெடித்துச் சிதற, கார் வாழைக்கன்றை முறித்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் பாய்ந்து, எதிரே கவிழ்த்து வைத்திருந்த ஃபைபர் படகில் போய்க் குத்தியது. படகு பிளந்தது. வெங்கட்ராமின் முகம் ஸ்டீயரிங்கில் மோதி மூக்கு உடைந்தது. சட்டை மார்பெல்லாம் ரத்தம்.

"கொன்னுட்டியேடா பாவி!" ராஜ்கமல் படகுக்கு முட்டுக்கொடுத்திருந்த சவுக்குக் கட்டையை உருவிக்கொண்டு ஓடிவந்து இளவரசின் தோளில் போட்டான். எலும்பில் விழுந்த சத்தம் பவானிக்குக் கேட்டது. இரண்டாவது அடி காதோரம் கிழித்தது.

இளவரசு கையைத் துடைத்து முடித்திருந்தான். துணியைக் கீழே போட்டுவிட்டுப் பூஜைப் பலகைக்குப் போனான். காருக்காகத் தொடமாட்டேன் என்ற பலகையிலிருந்து, சந்தனமும் குங்குமமும் காயாத வீல் ஸ்பானரை எடுத்தான்.

பவானி பக்கத்தில் கிடந்த டிரேயைத் தூக்கினாள். அந்தக் காரிலிருந்து வடித்த பழைய ஆயில் அதில் இருந்தது. அப்படியே அவன் கைகளின் மேல் கொட்டினாள். முழங்கை வரை கருப்பாக வழிந்தது. ராஜ்கமலின் மண்டையை நோக்கி அவன் வீசிய ஸ்பானர் பிடியிலிருந்து நழுவிப் பறந்து போய் ஷட்டரில் மோதி விழுந்தது. குனிந்து எடுத்தான், மறுபடி வழுக்கியது. ராஜ்கமல் கட்டையைப் போட்டுவிட்டு ஓடினான்.

இளவரசு திரும்பினான். முதல் தடவையாகக் கையைத் துடைக்காமல் அடித்தான். வழுக்கத்தான் செய்தது. ஆனாலும் பவானி சுவரில் போய் விழுந்தாள். உதடு பிளந்தது.

படகுக்காரர் போன் செய்து எஸ்.ஐ. வந்தார். வெங்கட்ராமை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, உடைந்த படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தார். காதில் ரத்தம் வழிய நின்ற இளவரசைப் பார்த்தார்.

"நீ யார் மேலயாவது கை வெச்சியா?"

"இல்ல சார். நான்தான் அடி வாங்குனேன். வேணும்னா கேட்டுப் பாருங்க."

அது உண்மைதான். ராஜ்கமல் மேல் ஒரு கீறல்கூட இல்லை. பத்திரம் பிழைத்தது, ஷட்டர் இறங்காது. பவானி இத்தனை மாதமாக வேண்டியது அதைத்தான். எஸ்.ஐ. வெளியே போகத் திரும்பியவர் அவளைப் பார்த்து நின்றார். கன்னத்தில் ஐந்து விரலும் உள்ளங்கையும் அச்சடித்தாற்போலக் கருப்பாக இருந்தன.

"இது யாரு கைம்மா?"

பவானி நிமிர்ந்து பார்த்தாள். சுவரோரம் இளவரசு புதிதாக ஒரு பனியன் வேஸ்டை எடுத்திருந்தான். அவளையே பார்த்துக்கொண்டு கட்டைவிரலைத் துடைத்தான். அடுத்த விரலுக்குப் போனான்.

"இவருதான் சார்" என்றாள். தெருவே கூடி நின்றது, ஆனாலும் வாய் திறந்தது. "தொடச்சி முடிச்சதும் இன்னொண்ணு வுழும். அதுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போயிடுங்க."