மஹ்றூப் நானாவின் வெயில்

ரெலிபோன் இரண்டாம் தரம் அடிப்பதற்குள் மஹ்றூப் நானா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துவிடுவார். வெறுந்தலையோடு பிள்ளைகளோடு கதைப்பது அவருக்குச் சரிப்படாது. சாரத்தை ஒருதரம் அவிழ்த்து இறுக்கிக் கட்டுவார். ஜன்னலடியில் கதிரை கிடக்கும், அதில் இருக்கமாட்டார். நின்றபடி ஒலிபெருக்கிப் பொத்தானை அமத்திவிட்டு, மகள் இருக்கும் புத்தளம் எவ்வளவு தூரம் என்று மனதுக்குள் அளந்து, அதற்குத் தக்கபடி குரலை எடுப்பார்.

"மகள், இஞ்ச முப்பத்தெட்டு."

சுகம் கேட்க முன்னம் வெயில். அதுதான் அவருடைய முறை. மூத்தவன் நவ்பர் கத்தாரிலிருந்து அனுப்பிய சுவர் மணிக்கூட்டில் நேரத்துக்குக் கீழே வெப்பநிலையும் சிவப்பு எழுத்தில் தெரியும். அதைத் தகரக் கூரைக்கு நேர்கீழே மாட்டி வைத்திருக்கிறார். எப்படியும் இரண்டு பாகை கூட்டித்தான் காட்டும். இதை எடுத்துச் சொன்னால், "நான் இருக்கிறதும் இந்தக் கூரைக்குக் கீழதானே" என்பார். நவ்பர் தன்னுடைய இடத்தில் நாற்பத்தைந்து என்று சொல்லும் நாட்களில் மட்டும் கொஞ்சம் சோர்ந்துபோவார். "உங்களுக்கு ஏசி இருக்கு. ஏசிக்குள்ள இருந்துகொண்டு நாப்பத்தஞ்சு எண்டு சொல்லக்கூடாது."

வெயிலுக்கு அடுத்தது அயல். அயலில் முதல் வீடு விமலேஸ்வரியுடையது. வவுனியாவில், மன்னார் வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை அது. கிடுகு வேலிக்கு ஒரு பக்கம் நானாவின் ஜன்னல், மறுபக்கம் விமலேஸ்வரியின் குசினி. இடையில் ஆறடி இருந்தால் பெரிய காரியம். வயர் இல்லாத அந்தச் சிடிஎம்ஏ போனுக்கு ஜன்னலடியில் மட்டுந்தான் சிக்னல் எடுக்கும். ஆகவே, அந்த வீட்டுக் கதை அத்தனையும் வெங்காயம் உரிக்கும் விமலேஸ்வரியின் காதில் விழுந்துகொண்டேயிருக்கும். போன் வந்த புதிதில் அவள் கூச்சப்பட்டுச் சட்டி பானையை உருட்டிச் சத்தம் காட்டிப் பார்த்தாள். நானாவுக்கு அது விளங்கவில்லை. "தங்கச்சி, கொஞ்சம் மெல்லமா உருட்டுங்கோ, மகள் றிம்ஸியா உங்களைத்தான் விசாரிக்கிறா" என்றார். அன்றிலிருந்து அவளும், அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிட்டு, வேலிக்கு மேலால் பதில் சொல்லப் பழகிவிட்டாள்.

"நானாவுக்கு ரெலிபோன் என்னத்துக்கு? முத்தத்தில நிண்டு கூப்பிட்டாலே கத்தாருக்குக் கேக்குமே" என்பது அவளுடைய கணவன் தவராசாவின் நித்தியப் பகிடி. அவர் வயலிலிருந்து வந்து கால் கழுவும்போது நாளுக்கு ஒருதரம் இதைச் சொல்லிவிடுவார். நானாவும் நாளுக்கு ஒருதரம் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்.

நானாவுக்குக் கடைத்தெருவில் ஒரு சின்னப் பாத்திரக்கடை இருக்கிறது. முல்லைத்தீவிலும் இதே வியாபாரந்தான் செய்தவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த சாரத்தோடு வெளிக்கிட்டு, புத்தளத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்து, சமாதானம் என்று பாதை திறந்தபோது வவுனியா மட்டும் வந்து நின்றுவிட்டார். "பாதி வழி வந்திட்டன். மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்பார். ஆராவது ஒரு சட்டி கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கமாட்டார். விரலால் சுண்டி, காதடியில் வைத்துக் கேட்டு, மனம் ஒப்பினால்தான் கொடுப்பார். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூடமுடியாது என்று சொல்லுவார்கள். உலை வாய்க்கு மூடி விற்கிற மனிதர், தன் வாய்க்கென்று ஒன்றையும் எடுத்து வைக்கவில்லை.

மூன்றாவதாக வருவது அவருடைய உடம்பு. அதில் மட்டும் கதை சுருங்கிவிடும். நானாவுக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் நாளுக்கு மூன்று குளிசை கொடுத்திருந்தார்கள். நவ்பர் சீனி பார்க்கிற மெசின் ஒன்றும் அனுப்பியிருந்தான். அது வந்த உறையோடு அலுமாரிக்குள், கல்யாண உடுப்புக்கு மேலே கிடந்தது. "வெயிலைப் பாக்கிற மெசின் ஒண்டு போதும். என்னைப் பாக்கிற மெசின் வேணாம்" என்று சொல்லிவிட்டு, "சரி, போனை வைக்கிறன்" என்பார். மூன்று தரம் சொல்லுவார். மூன்றாவது தரத்துக்குப் பிறகும் புதுக்கதை ஒன்று தொடங்கும்.

அந்த வருஷத்து நோன்பு, மழைக்கு முந்திய புரட்டாசி வெயிலில் வந்தது. குளத்தில் சேறு வெடித்திருந்தது. கச்சான் காற்று கிடுகைப் பிய்த்துக்கொண்டு அடித்தது. றிம்ஸியாவுக்குப் புத்தளத்தில் தலைப்பிள்ளை கிடைத்து, அவளுடைய உம்மா, நானாவின் மனைவி றம்ஸியா, நாற்பது நாளும் மகளோடு நிற்கப் போய்விட்டா. நானா தனியே. மத்தியான லுஹர் தொழுகையோடு கடையைப் பூட்டிவிட்டு வருவார். பின்னேரம் மூன்றரைக்குப் புத்தளத்திலிருந்து கோல் வரும். வெயில், அயல், சுகம், கடைசியில் பிள்ளையின் அழுகை. அந்த அழுகை வரும்போது மட்டும் நானா பேசமாட்டார். போனுக்குக் கிட்டக் குனிந்து நிற்பார். பிறகு வேலிப்பக்கம் திரும்பி, "கேட்டனீங்களே தங்கச்சி, என்ர உம்மான்ர குரல்" என்பார்.

இந்த மனிதர் செய்த பிழையை நோன்பு பிடிக்கிற வருத்தக்காரர் மட்டுந்தான் செய்வார்கள். பொழுதுபட்டுப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை தண்ணீரும் குடிக்கக்கூடாது. அப்படியானால் மத்தியானக் குளிசையை என்ன செய்வது? நானா ஆரையும் கேட்கவில்லை. விடியமுன் சாப்பிடுகிற சஹர் சாப்பாட்டோடு காலைக் குளிசையையும் மத்தியானக் குளிசையையும் சேர்த்து விழுங்கினார். குளிசையும் தப்பவில்லை, நோன்பும் தப்பவில்லை என்று அவருக்குப் பெரிய நிம்மதி. ஒரு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் நாள் எழும்பப் பிந்திவிட்டது. ஒரு வாழைப்பழம், அரைக்கோப்பை பிளேன்ரீ, இரண்டு குளிசை. அவ்வளவுதான் அன்றைய சஹர்.

மூன்றரைக்கு ரெலிபோன் அடித்தது. ஐந்து, ஆறு என்று அடித்துக்கொண்டே போனது. விமலேஸ்வரி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். ஒருவழியாகப் பொத்தான் அமத்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வரவேண்டிய முப்பத்தெட்டு வரவில்லை.

"வாப்பா? இண்டைக்கு வெயில் எத்தனை?"

நானாவின் குரல், பக்கத்தில் இருப்பவரோடு கதைப்பதுபோல மெல்ல வந்தது. "குளிருது மகள்."

விமலேஸ்வரியின் கை நின்றது.

"போர்வையை எங்க வச்சனீங்க?" என்றார் நானா. 

"விமலா அன்ரி" என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. "அன்ரி, நிக்கிறீங்களோ? வாப்பாவை ஒருக்காப் போய்ப் பாருங்கோ. வாப்பா குளிருதெண்டு சொல்லுறார்."

அவள் இலையை நிலத்தில் போட்டுவிட்டு வேலிப்பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓடினாள். நானா கதிரையில் இருந்தார். அந்தக் கதிரையில் அவர் இருந்து அவள் அன்றுதான் கண்டாள். தொப்பி தலையில் இல்லை, மடியில் கிடந்தது. சேட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நெற்றியைத் தொட்டாள், அந்த வெயிலுக்குள் அது பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்தது. நானாவின் கை நடுங்கியது. விமலேஸ்வரியின் மாமியாருக்கும் இதே வருத்தம் இருந்தது. சீனி கூடினால் என்ன செய்யும், இறங்கினால் என்ன செய்யும் என்று பார்த்துப் பழகியவள். இது இறங்கினது. இன்னும் கொஞ்சம் விட்டால் மனிதர் கண்ணை மூடிவிடுவார்.

குசினிக்குள் ஓடி, சீனி ரின்னைத் தேடி, கோப்பைத் தண்ணீரில் நாலு கரண்டி போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தாள். கோப்பையை வாயடிக்குக் கொண்டுபோனதும் நானா பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"பாங்கு சொல்லேல்ல."

"வாப்பா, குடியுங்கோ" என்று றிம்ஸியா அங்கே அழுதாள். "வருத்தக்காரருக்கு மார்க்கத்தில சலுகை இருக்கு வாப்பா. பிறகு பிடிக்கலாம்."

"பாங்கு சொல்லேல்ல மகள்" என்றார் நானா. போர்வையைத் தேடுகிற மனிதருக்கும் அது மட்டும் மறக்கவில்லை.

விமலேஸ்வரி கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதம் பிடிக்கிறவள். விரத நாளில் மாவிடிக்கும்போது தெரியாமல் ஒரு துளி மா வாயில் பட்டதற்காக அழுதிருக்கிறாள். ஒருவர் பிடித்த நோன்பைக் கை வைத்து முறிப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். கோப்பை கையில் கனத்தது. நானாவின் கண் மேலே சொருகத் தொடங்கியிருந்தது.

"நானா, பாங்கு சொல்லியாச்சு" என்றாள்.

அவர் சிரமப்பட்டு அவளைப் பார்த்தார். "சொல்லியாச்சா?"

"ஓம் நானா. இப்பத்தான். உங்களுக்குக் கேக்கேல்லையே?"

போனில் றிம்ஸியா, அழுகையை விழுங்கிக்கொண்டு, "ஓம் வாப்பா, சொல்லியாச்சு" என்றாள்.

மஹ்றூப் நானா பிஸ்மில்லாஹ் சொன்னார். குடித்தார். பாதி தாடியில் வழிந்தது. குடித்து முடித்து, ஒரு சின்னப்பிள்ளையின் குறையோடு, "பேரீச்சம்பழம் எங்க?" என்று கேட்டார். மேசையில் பின்னேரத்துக்கென்று மூடி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து, கொட்டையை நீக்கி, அவள்தான் ஊட்டினாள். 

தவராசா ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். டொக்டர் நானாவை நன்றாக ஏசிப்போட்டு, குளிசையை மாற்றி எழுதி, இந்த முறைக்கு நோன்பு காணும், இனிப் பிடிக்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த இரண்டு நாளும் விமலேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. உயிரைக் காப்பாற்றியவள் என்று ஒழுங்கை முழுக்கச் சொன்னது. அவளுக்கோ, பொய் சொல்லி ஒரு மனிதரின் நோன்பை முறித்தவள் என்றுதான் தோன்றியது. "தலைக்கு வந்தது தொப்பியோட போச்சு. அதை விட்டுட்டு இதுக்கு ஆரும் அழுவினமே?" என்று தவராசா சொல்லிப் பார்த்தார். நானா வீடு வந்த அன்று அவள் குசினிப்பக்கமே போகவில்லை. அடுப்பை முற்றத்துக்கு மாற்றிக் கொண்டாள்.

அடுத்தநாள் வேலிக்கு மேலே தொப்பி தெரிந்தது.

"தங்கச்சி, அண்டைக்குப் பாங்கு எத்தனை மணிக்குச் சொன்னது?"

அவள் தலை குனிந்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது. "மூண்டே முக்காலுக்கு நானா."

"ஓம். மணிக்கூட்டைப் பாத்தனான். எனக்கும் அப்பிடித்தான் ஞாபகம்." தொப்பியைச் சரியாக்கிக்கொண்டு சொன்னார்: "அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பாங்கு சொல்லியிருக்காட்டி, என்ர பேத்தியின்ர குரலை மட்டும் கேட்டுட்டுப் போயிருப்பன் தங்கச்சி. முகத்தைப் பாத்திருக்க மாட்டன்."

விமலேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அடுப்பு அன்றே குசினிக்குத் திரும்பியது.

இப்போது நானாவின் முறையில் ஒரு மாற்றம் இருக்கிறது. வெயிலுக்கு அடுத்து, தன் சுகத்துக்கு முன்னால், "விமலா தங்கச்சி நல்ல சுகம்" என்று தனியாக ஒரு வரி வரும். நவ்பருக்கும் சொல்லுவார், நம்பர் பிழைத்து எடுத்தவருக்கும் சொல்லுவார். மெசினும் அலுமாரியிலிருந்து வெளியே வந்துவிட்டது. விரலில் குத்துவதற்கு முன்னம் சட்டியைச் சுண்டுவதுபோலத் தன் விரலை ஒருதரம் சுண்டிக்கொள்வார். மெசின் காட்டும் எண்ணை வேலிக்கு மேலால் அறிவித்துவிடுவார். சில நாள் அது வெயிலா சீனியா என்று தவராசா கேட்கவேண்டி வரும்.

விடுபட்ட நோன்புகளுக்கு மௌலவி சொன்னபடி ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தார். ஆனால் முறிந்த அந்த ஒன்றை மட்டும் தானே பிடித்துத் தீர்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். டொக்டர் ஒரு நாளைக்கு மட்டும் சம்மதித்தார், அதுவும் மழை முடிந்த தை மாதத்தில், குளிசை நேரத்தைத் தன் கையால் எழுதிக் கொடுத்து. அன்று பகல் முழுவதும் மணிக்கூடு இருபத்தாறுக்கு மேலே ஏறவில்லை. நானாவுக்கு அது ஒரு சின்ன ஏமாற்றந்தான். மணிக்கொருதரம் விரலைக் குத்தி எண்ணைச் சொன்னார். புத்தளத்திலிருந்து திரும்பியிருந்த றம்ஸியா கஞ்சி காய்ச்சினா.

பொழுதுபட்டதும் பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. காற்று அந்தப் பக்கமிருந்து வந்ததால் சொல்லுக்குச் சொல் தெளிவாகக் கேட்டது. நானா ஜன்னலடிக் கதிரையில் இருந்தார். தொப்பி தலையில், பேரீச்சம்பழம் விரல்களுக்கிடையில்.

"சொல்லியாச்சு, நோன்பைத் திறவுங்கோவன்" என்றா றம்ஸியா. 

நானா அசையவில்லை. வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குசினிக்குள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்த விமலேஸ்வரி அந்தப் பார்வையைக் கண்டாள். கையைச் சேலையில் துடைத்தபடி வேலியடிக்கு வந்தாள்.

"நானா, பாங்கு சொல்லியாச்சு."

"சொல்லியாச்சா?" என்று கேட்டுவிட்டு, மஹ்றூப் நானா பழத்தை வாயில் வைத்தார்.