காய்ந்த இலையோடு நின்ற ஓக்

பிறேமாக்கா மரத்தை நக்கிப் பார்த்துப் பேர் சொல்லுவாராம். பீலெஃபெல்ட் நகரத் தமிழ்க் கோயிலில் யாரோ சொன்னதாகத் தோழி கண்மணி வந்து சொன்னபோது அம்பிகா விழுந்து விழுந்து சிரித்தாள். கீழ்வீட்டுப் பிறேமாக்கா முப்பது வருடமாகக் கல்லறைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். அம்பிகாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெப்ரவரியின் கடைசி வெள்ளி காலையில் மரம் வெட்டும் வண்டி முற்றத்துக்குள் வந்தது. வரவழைத்தவள் அம்பிகாதான். மற்ற மரமெல்லாம் மொட்டையாக நிற்க, சன்னலோர மரத்தில் மட்டும் குளிர்காலம் முழுக்கக் காய்ந்த இலைகள் தொங்கின. செத்த மரம், தன் குழந்தையின் தள்ளுவண்டிமேல் சாய்ந்துவிடும் என்று பயந்து வீட்டு நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் போட்டிருந்தாள்.

வேலைக்குச் சைக்கிளை உருட்டிவந்த பிறேமாக்கா நின்றுவிட்டார்.

“ஆர் இதைச் செத்ததெண்டு சொன்னது?”

“நான்தான்க்கா. எங்க ஊர்ல இலை இப்படிக் காஞ்சா மரம் போச்சுன்னு அர்த்தம்.”

“உங்கட ஊர் மரத்துக்குச் சொல்லும். இது ஓக். இளசில பழைய இலையை விடாது. புது மொட்டு வந்து தள்ளவேணும்.”

கையுறையைக் கழற்றித் தாழ்ந்த கிளையை வளைத்தார். நுனியில் நாலைந்து பழுப்பு மொட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் கீறினார், தோலுக்கடியில் பச்சைப்பசேல். பிறகு முனையைக் கிள்ளி, ஆம், வாயில் வைத்தார்.

“ஈரம் பாக்கிறன் பிள்ளை. ஏன் முழிக்கிறீர்?”

எண்பத்தாறில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியவர் பிறேமாக்கா. தோட்டவேலைக்கான அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியின் கடைசிச் சோதனையில் இலையில்லாத நாற்பது குச்சிகளை நீட்டிப் பேர் கேட்டார்களாம்.

“முதல்தரம் பதினொண்டுதான் சரி. பிறகு ஒரு வருசம் இடியப்பத் தட்டு முழுக்கக் குச்சிதான். வீட்டில மனுசன் கத்தினவர். அடுத்தமுறை நாப்பதும் சரி.”

வெட்ட வந்தவர் உத்தரவுத் தாளைக் காட்டினார். நிர்வாகம் வாயால் சொன்னால் திரும்பிவிடுவாராம். பத்து நிமிடம் பொறுப்பார்.

“மூண்டு கடிதம் எழுதின கைதானே? இப்ப போனை எடும்.”

சைக்கிளை அடிமரத்தில் சாத்திவிட்டு, தானும் முதுகைச் சாய்த்து நின்றார். ஒருநாளும் வேலைக்குப் பிந்தாதவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. தன் பயத்துக்கு ஒரு மரம் போகப்போகிறதே என்று அம்பிகா அவசரமாக நிர்வாகத்தின் எண்ணை அழுத்தினாள். வெட்ட வந்தவர் இயந்திர வாளுக்கு எண்ணெய் ஊற்றத் தொடங்கினார்.

“எடுக்கினமோ?”

“இல்லக்கா. ரிங் போயிட்டே இருக்கு.”

“போனை வையாதையும். நான் நிக்கிறன்.”

அம்பிகா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது.